மோன்டோயா வீட்டுப் பெண் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பழைய வெஸ்டர்ன் படங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜான் ஃபோர்டின் 'டூ ரோட் டுகெதர்' படத்தை ஒரே வரியில் கடந்துவிட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகவே தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ரிச்சர்ட் விட்மார்க் இருவரையும் தாண்டி மனதில் நின்றவர் எலேனாவாக வரும் லிண்டா கிறிஸ்டல். அவரைப் பற்றிப் படித்தபோது வருத்தமாக இருந்தது. பிறந்தது அர்ஜென்டினாவில், தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் இத்தாலியர். ஆனால் அமெரிக்காவில் அவர் நடித்ததெல்லாம் பெரும்பாலும் மெக்சிகப் பெண் வேடங்கள். ஒரு நல்ல நடிகையை ஹாலிவுட் வீணடித்துவிட்டது என்றே நினைக்கிறேன். இன்னொரு பக்கம் பார்த்தால், மெக்சிக நடிகைகளுக்குப் போயிருக்க வேண்டிய வாய்ப்புகள் இவருக்குப் போயிருக்கின்றன. இதில் யார் பக்கம் நிற்பது? 'மிஸ்டர் மெஜஸ்டிக்' படத்துக்குப் பிறகு அவர் ஏன் கண்ணில் படவே இல்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

யார் பக்கம் நிற்பது என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் படங்களின் பட்டியலைப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். மெக்சிகப் படங்களில் நடித்துக்கொண்டிருந்தவர் 1956இல் 'கொமாஞ்சி' படத்தின் மூலம் ஆங்கிலத்துக்கு வருகிறார். அதில் கொமாஞ்சி என்ற அமெரிக்கப் பழங்குடியினர் பிடித்துக்கொண்டு போகும் உயர்குடிப் பெண். 1959இல் இத்தாலியில் எடுத்த ஒரு படத்தில் கிளியோபாட்ரா. 1960இல் ஜான் வெய்ன் தானே நடித்து இயக்கிய 'தி அலமோ'வில் ஃபிளாக்கா என்ற மெக்சிக விதவை. 1961இல் நீங்கள் பார்த்த படம். மறுபடியும் கொமாஞ்சிகளிடம் சிறைப்பட்டவள். ஐந்தாண்டுகளுக்குள் இரண்டு முறை அதே இனத்தாரால் கடத்தப்பட்டு, நடுவில் எகிப்தை ஆண்டுவிட்டும் வந்திருக்கிறார்.

அர்ஜென்டினாக்காரியாகவே அவர் நடித்த ஒரு படமும் உண்டு. பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கிய 'தி பெர்ஃபெக்ட் ஃபர்லோ'. வடதுருவப் பனியில் கிடக்கும் ராணுவ முகாமிலிருந்து டோனி கர்டிஸுக்குப் பாரிஸ் விடுமுறை கிடைக்கிறது, ஒரு சினிமா நட்சத்திரத்தின் துணையோடு. அந்த நட்சத்திரம்தான் லிண்டா. கோல்டன் குளோப் புதுமுக விருது இதற்காக 1959இல் கிடைத்தது. தன் சொந்த நாட்டுக்காரியாக வந்தபோது எழுதிக் கொடுக்கப்பட்ட வேடம் ஒரு கவர்ச்சிப் பொம்மை என்பதைக் கவனியுங்கள். ஆகவே பிறந்த நாட்டுக்கும் வேடத்துக்கும் பொருத்தம் பார்த்து மட்டும் நியாயம் கிடைத்ததா இல்லையா என்று அளக்க முடியாது. அந்த வேடத்துக்குச் செய்ய என்ன இருந்தது என்றுதான் நான் பார்ப்பேன்.

இந்தக் கணக்கில் அவருடைய சினிமா வரவு குறைவு. 'தி அலமோ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் தொடக்கத்தில், ஜான் வெய்ன் நடித்த டேவி கிராக்கெட்டுக்கு ஒரு கடிதம் தேவைப்படுகிறது. மெக்சிகத் தளபதி சாந்தா அன்னா எழுதியதுபோல ஒரு மிரட்டல் கடிதம். அதைப் படித்துக் காட்டி தன்னோடு வந்த டென்னசிக்காரர்களை மெக்சிகப் படையோடு மோத உசுப்பேற்ற வேண்டும். ஸ்பானிஷில் எழுதிக் கொடுக்கிறவள் ஃபிளாக்கா. படத்தில் அவள் கையால் செய்யும் முக்கியமான காரியம் அது ஒன்றுதான். அதன் பிறகு ஜான் வெய்ன் அழகான வசனம் ஒன்றைப் பேசி அவளை வண்டியேற்றி அனுப்பிவிடுகிறார். யுத்தம் ஆண்களுக்கு.

'டூ ரோட் டுகெதர்' பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், எலேனாதான் படம். கொமாஞ்சி வீரன் ஸ்டோன் காஃப்பின் மனைவியாக ஐந்தாண்டுகள் இருந்தவள். அவளை மீட்டுக் கோட்டைக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே ராணுவத்தினரின் நடன விருந்து. அவளோடு ஆட எந்த அதிகாரியும் முன்வரவில்லை. அதிகாரிகளின் மனைவிமார் சுற்றி நின்று, அனுதாபம்போலத் தொடங்கி, அவர்களுக்கு உண்மையில் எது தெரியவேண்டுமோ அதைக் கேட்கிறார்கள். ஸ்டூவர்ட் எழுந்து அத்தனை பேரையும் கிழித்துப் போடும் அந்தப் பேச்சைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை பார்க்கும்போது, அவர் பேசும்போது லிண்டாவை மட்டும் பாருங்கள். தன்னைப் பற்றி, தன் முன்னாலேயே, இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நிற்க வேண்டிய ஒரு பெண்ணை நடிப்பது சுலபமல்ல. தனக்காக வாதாடப்படுவதிலும் ஓர் அவமானம் இருக்கிறது. அவர் முகத்தில் அது தெரிகிறது. ஃபோர்ட் இந்தப் படத்தைத் தாமே மட்டமாகப் பேசியிருக்கிறார்; இந்தக் காட்சிக்காகவாவது அவரை நம்பத் தேவையில்லை.

ஆனாலும் அது சில நிமிடங்கள்தான். சினிமா அவருக்கு எப்போதும் நிமிடங்களைத்தான் கொடுத்தது. தொலைக்காட்சி 98 அத்தியாயங்கள் கொண்ட ஒரு தொடரைக் கொடுத்தது.

உங்கள் கடிதத்தில் அந்தத் தொடரான 'தி ஹை ஷாப்பரல்' பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் 'வீணடித்துவிட்டது' என்று எழுதினீர்கள் என நினைக்கிறேன். என்.பி.சி. தொலைக்காட்சியில் 1967 முதல் 1971 வரை ஓடியது. தயாரித்தவர் டேவிட் டோர்டார்ட். அதற்கு முன் அவர் உருவாக்கிய 'பொனான்சா' அமெரிக்க வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சடங்காகவே ஆகியிருந்தது. 'பொனான்சா' பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மனைவிமார் இல்லாத வீடு. அப்பாவுக்கு மூன்று மனைவிகள், மூவரும் கதை தொடங்கும் முன்பே செத்துப்போயிருப்பார்கள். மகன்களில் யாராவது ஒருத்தியைக் காதலித்தால், அந்த அத்தியாயம் முடிவதற்குள் அவள் நோயில் விழவேண்டும், அல்லது வண்டியேறவேண்டும். அதே தயாரிப்பாளர் அடுத்த தொடரில் ஒரு மனைவியைக் கொண்டுவந்து, கடைசிவரை உயிரோடு வைத்திருந்தார்.

கதை 1870களின் அரிசோனா. ஜான் கேனன் டூசான் பக்கத்தில் பண்ணை அமைக்க வருகிறார். முதல் மனைவி அப்பாச்சிப் பழங்குடியினரின் அம்புக்குப் பலியாகிறாள். எல்லைக்கு அந்தப் பக்கம், சொனோராவில், டான் செபஸ்டியான் மோன்டோயா என்ற பெரும் நிலப்பிரபு. இருவரும் கைகோத்தால்தான் இருவருடைய மாடுகளும் மிஞ்சும். ஒப்பந்தத்துக்கு மோன்டோயா வைக்கும் நிபந்தனை, தன் மகள் விக்டோரியாவை ஜான் மணந்துகொள்ளவேண்டும் என்பது. விக்டோரியாதான் லிண்டா. முதல் மனைவியைப் புதைத்த மண் காயவில்லை. வளர்ந்த மகன் ஒருவன் முறைத்துக்கொண்டு நிற்கிறான். தகப்பனும் கணவனும் மாட்டுக் கணக்கு முடித்ததில் தானும் ஒரு வரியாக இருந்தது விக்டோரியாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அந்த வீட்டுக்குள் நுழைகிறாள்.

இந்தத் தொடக்கத்தை ஒரு திரைப்படம் என்ன செய்திருக்கும்? ஒன்றரை மணி நேரத்தில் இருவரையும் காதலில் விழவைத்திருக்கும். தொடரில் அதற்கு அவசரமில்லை. லீஃப் எரிக்சன் நடித்த ஜான் ஒரு மரக்கட்டை மனிதர். அவரிடம் ஒரு கனிவான சொல் வாங்குவதற்கே பல வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் விக்டோரியா கோபப்படலாம், வீட்டை நடத்தலாம், தகப்பனிடம் கணவனுக்காகவும் கணவனிடம் தகப்பனுக்காகவும் வாதாடலாம், சில சமயம் இரண்டு பேரையும் ஏமாற்றவும் செய்யலாம். ஒரு நடிகைக்கு இவ்வளவு போதும். தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்கு இரண்டு முறை பரிந்துரையும், 1970இல் கோல்டன் குளோப் விருதும் இந்த வேடத்துக்குத்தான் வந்தன. சினிமாவிலிருந்து தொலைக்காட்சிக்குப் போவதைத் தேய்மானமாகப் பார்த்த காலம் அது. இவர் விஷயத்தில் அது தலைகீழ்.

இப்போது உங்கள் இன்னொரு கேள்வி. சொனோராவின் மோன்டோயா குடும்பத்தை நடித்தவர்கள் யார் என்று பாருங்கள். மகள் அர்ஜென்டினாக்காரர். தகப்பனாக வந்த ஃபிராங்க் சில்வெரா ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த கலப்பினத்தவர். திரையில் வெள்ளையர், மெக்சிகர் என்று வேடங்கள் கட்டிவிட்டு, வெளியே லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின நடிகர்களுக்காக நாடகக் குழு நடத்தியவர். மகன் மனோலிட்டோவாக வந்த ஹென்றி டாரோ நியூயார்க்கில் பிறந்த போர்ட்டோ ரிக்கோக்காரர். டெல்காடோ என்ற குடும்பப் பெயரோடு இருந்தால் ஒரே மாதிரி வேடம்தான் வருகிறது என்று பெயரை மாற்றிக்கொண்டவர். மாற்றிய பெயரோடு புகழ் பெற்றது மெக்சிகனாக நடித்து. மூவரில் ஒருவர்கூட மெக்சிகர் இல்லை. 1970இல் சில்வெரா வீட்டில் ஒரு மின்கருவியைப் பழுதுபார்க்கும்போது மின்சாரம் தாக்கி இறந்துபோனார். அதன் பிறகு மோன்டோயாவின் தம்பியாக கில்பர்ட் ரோலண்ட் வருகிறார். அவர் மெக்சிகோவில் பிறந்தவர். தலைவர் செத்த பிறகுதான் அந்தக் குடும்பத்துக்கு அசல் சொந்தக்காரர் வந்து சேர்ந்தார்!

ஸ்டுடியோவுக்கு இருந்தது ஒரே ஒரு அலமாரி அறை. மெக்சிக எல்லையில் ஓடும் ரியோ கிராண்டே ஆற்றுக்குத் தெற்கே வேர் கொண்ட அத்தனை பேரையும் அதில் போட்டு வைத்தார்கள். அதில் நஷ்டம் யாருக்கு என்று கேட்டால் எல்லோருக்கும்தான். மெக்சிக நடிகைகளுக்கு வாய்ப்பு போயிற்று, லிண்டாவுக்குத் தன் ஊர் போயிற்று. அந்த அறையைக் கட்டியவர்களை விட்டுவிட்டு உள்ளே அடைபட்டவர்களுக்குள் வழக்கு நடத்துவதில் எனக்கு விருப்பமில்லை.

அதே சமயம் இதையும் சொல்லவேண்டும். அந்த மூவரும் சேர்ந்து உருவாக்கிய மோன்டோயாக்கள், அமெரிக்கத் தொலைக்காட்சியில் கேனன்களுக்குச் சமமாக மேசையில் உட்கார்ந்து பேரம் பேசிய மெக்சிகக் குடும்பம். பல சமயம் கேனன்களைவிடப் படித்தவர்கள், பணக்காரர்கள், தந்திரசாலிகள். தூங்குமூஞ்சி மெக்சிகனும் கொள்ளைக்கார மெக்சிகனும் மட்டுமே வந்துகொண்டிருந்த திரையில் இது சாதாரண மாற்றமில்லை. லத்தீன் நடிகர்களின் நிலைமையை மாற்ற 1970இல் நடிகர் ரிக்கார்டோ மொண்டல்பான் முன்னின்று 'நோசோத்ரோஸ்' அமைப்பைத் தொடங்கியபோது உடனிருந்தவர்களில் மனோலிட்டோவாக நடித்த டாரோவும் ஒருவர்.

'மிஸ்டர் மெஜஸ்டிக்' 1974. எல்மோர் லெனார்ட் எழுதி, ரிச்சர்ட் ஃபிளைஷர் இயக்கியது. சார்லஸ் பிரான்சன் கொலராடோவில் தர்பூசணி விவசாயி. லிண்டா ஊர் ஊராகப் போய் அறுவடைக்கு நிற்கும் கூலித்தொழிலாளி, சங்க வேலையும் செய்பவள். பெயர் நான்சி சாவேஸ். பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸின் திராட்சைத் தோட்டப் போராட்டம் நடந்து முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தக் குடும்பப் பெயர் தற்செயலாக வந்திருக்காது. படம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் தொடங்குகிறது, தொழிலாளர்களைக் கழிப்பறைக்குள் விட மறுக்கிறார்கள். பின்னால் வரும் துரத்தலில் பிரான்சன் துப்பாக்கியோடு இருக்க, பிக்கப் வண்டியை மேட்டிலும் பள்ளத்திலும் விரட்டுவது நான்சி. 'தி அலமோ'வில் வண்டியேற்றி அனுப்பப்பட்டவர் இதில் வண்டியை ஓட்டுகிறார். படம் சுமார்தான், பிரான்சன் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அதன் பிறகு அவர் காணாமல்போகவில்லை, குறைத்துக்கொண்டார். 1985இல் அர்ஜென்டினாவில் 'ரோஸ்ஸே' என்ற தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பகல்நேரத் தொடரான 'ஜெனரல் ஹாஸ்பிடல்' என்பதில் சிறிது காலம். பிறகு ஓய்வு. 2020 ஜூனில், 89ஆவது வயதில், பெவர்லி ஹில்ஸில் காலமானார். கொரோனாச் செய்திகளுக்கு நடுவே அந்தச் செய்தி எங்கேயோ ஒரு மூலையில் வந்தது.

'தி ஹை ஷாப்பரல்' பார்ப்பதானால் முதல் அத்தியாயத்திலிருந்தே பாருங்கள். நடுவில் பிடித்தால் விக்டோரியா மகிழ்ச்சியான குடும்பத்தலைவியாகத் தெரிவாள், அவள் எதைக் கடந்து அங்கே வந்தாள் என்பது பிடிபடாது. நான்காவது ஆண்டின் சில அத்தியாயங்கள் சலிப்பூட்டும், தாண்டிவிடலாம். கில்பர்ட் ரோலண்ட் வருவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.