வாசகர் கேள்வி: பூங்காவில் குளம் வெட்டினால் வெள்ளம் நின்றுவிடுமா?

எங்கள் ஏரியா பூங்காவில் பாதியைத் தோண்டிக் குளமாக்கி, 'ஸ்பாஞ்ச் பார்க்' (மழைநீரை உறிஞ்சி வைக்கும் பூங்காவாம்) என்று போர்டும் வைத்துவிட்டார்கள். இனி மழை என்றால் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதில்லையா?
– வேளச்சேரி வாசகர்

இந்த வருடமும் மேம்பாலத்தில் ஓர் இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குளம் வீண் என்று சொல்லவில்லை, கணக்குதான் இடிக்கிறது. ஓர் ஏக்கரில் ஒன்றரை மீட்டர் ஆழம் தோண்டினால் சுமார் 60 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 10 கோடி லிட்டர். அப்படியானால் அந்த ஒரு சதுர கிலோமீட்டருக்கே பதினாறு, பதினேழு குளம் வேண்டும், அதுவும் மழைக்கு முன்னால் காலியாக இருந்தால்தான். 2015 டிசம்பர் 1-ம் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டியது 49 சென்டிமீட்டர்!

சாயங்காலம் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்து ஓய்கிற மழைக்கு இந்தக் குளம் நிச்சயம் உதவும், தெருவில் முழங்கால் அளவு நிற்கிற தண்ணீர் கணுக்காலோடு போகும். ஆனால் மண்ணையும் பார்க்க வேண்டும். உங்கள் பக்கம் களிமண், நவம்பர் வந்தாலே நிலத்தடி நீர் கைக்கெட்டும் தூரத்துக்கு ஏறிவிடும், அதனால் அங்கே குளம் உறிஞ்சாது, தேக்கி வைக்கும், அவ்வளவுதான். இதே குளத்தைத் திருவான்மியூர் மணலில் வெட்டினால் கதையே வேறு. அப்புறம், தெருத் தண்ணீரோடு வரும் வண்டல் அடியில் படிந்து இறுகினால் மணல் தரையும் அடைத்துக்கொள்ளும். எனவே வருடா வருடம் கோடையில் தூர் வாரினால்தான் உண்டு.

உங்கள் ஊரின் நிஜமான தாங்கல் பள்ளிக்கரணைக் கழுவெளிதான், அதாவது சதுப்பு நிலம்தான். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம், அது நிரம்பிக் கழுவெளி, அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடல் என்பதுதான் தண்ணீரின் வழி. அந்த வழியில்தான் குப்பைமேடு, ரோடு, ஐ.டி. கட்டடம் எல்லாம் வந்து உட்கார்ந்தன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்தபோது கழுவெளியின் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அதில் தண்ணீர் ஓர் அடி உயர்ந்தாலே 380 கோடி லிட்டர், அதாவது உங்கள் பூங்காக் குளம் போல 600-க்கு மேல். ஒரு பக்கம் பூங்காவில் குளம் வெட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் கழுவெளி ஓரத்தில் மண் கொட்ட விட்டால் என்ன பிரயோஜனம்?

சீனாவில் கோடி கோடியாகச் செலவழித்து 'ஸ்பாஞ்ச் சிட்டி' வேலைகள் நடந்த நகரங்களில் செங்சோவும் ஒன்று. 2021 ஜூலையில் அங்கே ஒரே மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் பெய்தது, மெட்ரோ ரயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்து ஆட்கள் இறந்தார்கள். எவ்வளவு மழைக்கு உங்கள் பூங்காக் குளம் தாங்கும் என்று அந்த போர்டிலேயே எழுதிவிட்டால் நல்லது.

இங்கே பிஷான் பூங்காவில் கான்கிரீட் கால்வாயை உடைத்து ஆறாக மாற்றிவிட்டார்கள், நீர்நாய் எல்லாம் வருகிறது. கூவத்தை ஏன் இப்படிச் செய்யக் கூடாது?
– சிங்கப்பூர் வாசகி

செய்யலாம், ஆனால் வரிசை மாறக் கூடாது. நேராக ஓடிய 2.7 கிலோமீட்டர் கால்வாயை அங்கே வளைத்து வளைத்து 3 கிலோமீட்டர் ஆறாக்கி 2012-ல் திறந்தார்கள். கரையைப் பிடித்து நிற்பது செடியின் வேரும் பாறையும்தான். சாதாரண நாளில் குழந்தைகள் ஓரத்தில் விளையாடுகிற புல்வெளி, பெருமழையில் ஆற்றின் பாதையாகிவிடும். நீர்மட்டம் ஏறினால் சென்சார் கண்டுபிடித்து விளக்கும் சைரனும் எச்சரிக்கும். எனக்கு இந்தப் பூங்காவில் மிகவும் பிடித்தது இந்தச் சைரன்தான், ஏனென்றால் தண்ணீர் வரும் என்று ஒப்புக்கொண்டே கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் பிஷான் பூங்கா வழியாகப் போகும் அந்தக் காலாங் ஆற்றில் ஓடுவது மழைநீர், சாக்கடைக்குத் தனிக் குழாய். கூவத்தில் வருடத்தில் பாதி நாள் ஓடுவதே சாக்கடைதான். அதை நிறுத்தாமல் கரையில் நாணலும் நடைபாதையும் வைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாக்கிங் போகலாம்.

மரம் நடு, மரம் நடு என்கிறீர்கள். புயல் வந்தால் முதலில் சாய்வதும் அதுதான், கரண்ட் போவதும் அதனால்தான்!
– குரோம்பேட்டை வாசகர்

2016 வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, உண்மைதான். ஆனால் சீக்கிரம் வளரும், பூ அழகாக இருக்கும் என்று இயல்வாகையையும் மயில்கொன்றையையும் வரிசையாக நட்டோம், பிறகு வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டினோம், மிச்சத்தைக் கழுத்துவரை சிமென்ட் போட்டு மூடினோம். எந்த மரம் நிற்கும்? புங்கை, புன்னை, பூவரசு, வேம்பு நடுங்கள், அடியில் ஒரு மீட்டராவது மண் விடுங்கள். கொலம்பியாவின் மெடயீன் நகரம் 2016-லிருந்து ரோட்டோரமும் ஓடையோரமுமாக 30 பசுமை வழிகள் அமைத்தது. அங்கே வெப்பம் சுமார் 2 டிகிரி குறைந்தது என்கிறது அந்த நகர நிர்வாகம். நம்ம ஊர் மே மாதத்துக்கு 2 டிகிரி பெரிய விஷயம்.

சரி, அரசாங்கம் செய்வது இருக்கட்டும். வீட்டில் நான் என்ன செய்வது?
– பெசன்ட் நகர் வாசகி

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது, உங்கள் வீட்டிலும் ஒரு குழி இருக்கும். கடைசியாக எப்போது திறந்தீர்கள்? செப்டம்பரில் மூடியைத் தூக்கி நாலைந்து பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். உங்கள் பக்கம் மணல், கடகடவென்று இறங்க வேண்டும். அரை மணி நேரம் கழித்தும் நின்றால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மேலே இருக்கும் ஜல்லியை அள்ளிக் கழுவிக் காயவைத்து, சேற்றை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். கார் நிறுத்த வாசல் முழுக்க டைல்ஸ் ஒட்டியிருந்தால் சக்கரம் ஏறும் இரண்டு பட்டையை மட்டும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதைப் பெயர்த்துவிடுங்கள், கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை.