உள்ளூரிலேயே இவ்வளவு தேவை இருக்கும்போது, சேவை கிளப்புகள் ஏன் வெளிநாட்டுத் திட்டங்களுக்கும் பணம் தருகின்றன?

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கழிப்பறை சரியில்லை, எங்கள் ஊர் கிளப்போ முகம் தெரியாத ஒரு நாட்டில் கிணறு வெட்டப் பணம் அனுப்புகிறது, இது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நெடுநாள் ரோட்டரி உறுப்பினன், சேவைத் திட்டக் குழுவிலும் இருந்திருக்கிறேன். உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இரண்டு வேலையும் நடக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஒரு திட்டம் உள்ளூரா வெளிநாடா என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. அதைக் கேட்டு வாங்கியவர்கள் யார், திறப்பு விழா முடிந்தபின் அங்கே இருந்து கவனிக்கப்போவது யார் என்றுதான் பார்ப்பேன்.

முதலில் பணக் கணக்கு. எல்லாம் ஒரே பையிலிருந்து போவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஊர் மக்களிடம் நிதி திரட்டி வருவது பெரும்பாலும் கிளப்பின் சொந்த நலநிதிக்குப் போகிறது, அதை எங்கே செலவிடுவது என்பதை அந்த கிளப்பே தீர்மானிக்கிறது. உறுப்பினர்கள் தங்கள் கையிலிருந்து ரோட்டரி அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்குத் தருவது தனி. வழக்கமான முறையில் தந்தால், மூன்று ஆண்டுகள் கழித்து அதில் ஏறக்குறைய பாதி அவர்கள் மாவட்டத்தின் பயன்பாட்டுக்கே திரும்பி வரும், மறுபாதி உலக நிதியில் சேரும். (இங்கே மாவட்டம் என்பது ரோட்டரி பிரித்து வைத்திருக்கும் மாவட்டம், அரசாங்க மாவட்டமில்லை.) இந்த உலக நிதிதான் பெரிய திட்டங்களுக்குக் கைகொடுக்கிறது. குளோபல் கிராண்ட் என்கிற மானியம் வேண்டுமென்றால் திட்டத்தின் மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். திட்டம் நடக்கும் நாட்டில் ஒரு கிளப், வெளிநாட்டில் ஒரு கிளப் என இருவரும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க முடியும். அதாவது உங்கள் ஊர் கிளப் கொடுக்கிற இடத்தில் மட்டும் இல்லை, வாங்குகிற இடத்திலும் நிற்கலாம். உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வேறொரு நாட்டு கிளப் பங்காளியாக வரவும் இதே வழிதான்.

இந்த அமைப்புகள் வளர்ந்ததே உள்ளூர் வேலையில் இருந்துதான். 1905இல் சிகாகோவில் தொடங்கிய முதல் ரோட்டரி கிளப் 1907இல் கையில் எடுத்த பொதுப்பணி, நகரில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்ற முயற்சி. நீங்கள் கேட்கும் அதே கழிப்பறை! லயன்ஸ் கிளப்புகளுக்குக் கண் பார்வை பெரும்பணி ஆனது, 1925இல் அவர்கள் மாநாட்டுக்கு வந்த ஹெலன் கெல்லர் பார்வையற்றோருக்குத் துணை நிற்கும்படி கேட்டுக்கொண்ட பிறகு. இன்றும் பல நாடுகளில் லயன்ஸ் கிளப்புகள் பழைய மூக்குக்கண்ணாடிகளைப் பெட்டி வைத்துச் சேகரிக்கின்றன. அப்படி ஒரு பெட்டியைப் பிரித்து அடுக்கும் வேலைக்கு நண்பர் ஒருவர் அழைத்துப் போயிருந்தார். கீறல் விழுந்தவை, கால் உடைந்தவை எல்லாம் முதலிலேயே ஒதுங்கிவிடும். மிஞ்சியதைக் கழுவித் துடைத்து, கருவியில் வைத்து ஒவ்வொரு கண்ணாடியின் பவரையும் அளந்து, சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். இரண்டு கண்ணுக்கும் அந்தப் பவர் பொருந்துகிற ஆள் வேறெங்கோ ஒரு முகாமில் கிடைத்தால்தான் அது பயன்படும். உள்ளூரில் பெட்டி வைக்கிறவரும் அங்கே கண் பரிசோதிக்கிறவரும் ஒரே சங்கிலியில் இருப்பதால்தான் இந்த வேலையே நடக்கிறது.

எல்லையைத் தாண்டாமல் முடியவே முடியாத வேலைகளும் உண்டு. போலியோவைத்தான் சொல்கிறேன். 1979இல் பிலிப்பைன்ஸில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தில் ரோட்டரி இறங்கியது. 1985இல் அதை உலகத் திட்டமாக அறிவித்தது. 1988இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமும் சேர்ந்துகொண்டன. அந்த ஆண்டு 125 நாடுகளில் ஏறத்தாழ 3,50,000 குழந்தைகளை அந்த நோய் முடக்கியதாகக் கணக்கு. இன்று இயற்கையான போலியோ வைரஸ் விடாமல் பரவிக்கொண்டிருப்பது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்ற இரண்டே நாடுகளில்தான். இந்தியாவில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். தன் நாட்டில் ஒழித்த பிறகும் கிளப்புகள் இதற்குப் பணம் தருவது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. வைரஸுக்கு பாஸ்போர்ட் தேவையில்லை, வேறு காரணம் வேண்டாம்.

சொட்டு மருந்துக் குப்பியைக் கையில் வாங்கிப் பாருங்கள். மேலே சின்னதாக ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. வெயிலில் சூடு ஏற ஏறச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து கடைசி வீட்டு வாசல் வரை அந்தச் சதுரம் கறுக்காமல் கொண்டு சேர்ப்பதுதான் வேலை. குளிர்பெட்டிக்கும் ஐஸ் பைகளுக்கும் தூர தேசத்துப் பணம் வரலாம். ஆனால் கதவைத் தட்டி, தயங்கும் தாயிடம் பேசி, குழந்தையின் சுண்டுவிரலில் மை வைத்துவிட்டு வர அந்தத் தெருவுக்குத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

வெளிநாட்டுத் திட்டங்கள் வீணாவதும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நாங்கள் பங்கெடுத்த ஒரு குடிநீர்த் திட்டத்தைப் பார்க்கப் போனபோது, அதே ஊரில் முன்பு வேறு யாரோ போட்டுக்கொடுத்த அடிபம்பு சும்மா நின்றது. கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருந்தது. உள்ளே ஒரு வாஷர் தேய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அதைக் கழற்ற யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை, யாரிடம் சொல்வதென்றும் தெரியவில்லை. பெண்கள் பழையபடி தூரத்துக் குட்டையிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லெண்ணத்தோடு வந்த அவ்வளவு பணம், ஒரு வாஷருக்கு வழி வைக்காததால் முடங்கிக் கிடந்தது.

எங்கள் பங்காளி கிளப்காரர்கள் அந்த ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். பம்பை எங்கே வைப்பது என்று தண்ணீர் எடுக்கும் பெண்களிடமே கேட்டார்கள். சாலையோரம் வைத்தால் லாரி வந்து போக வசதி என்று ஒப்பந்தக்காரர் சொன்னார், பெண்களோ பள்ளிக்கூடத்தை ஒட்டி வேண்டும் என்றார்கள். பெண்கள் சொன்ன இடத்தில்தான் அமைந்தது. அப்புறம் ஊரிலேயே ஒரு தண்ணீர்க் குழு, வீட்டுக்கு வீடு மாதாமாதம் ஒரு சிறு தொகை, பம்பைப் பிரித்து மாட்டப் பயிற்சி பெற்ற இரண்டு பேர், அவர்கள் கையில் உதிரி வாஷர்கள். எங்களிடம் இருந்து போனது பணமும் சில கேள்விகளும் மட்டுமே. அவர்கள் இல்லாமல் நாங்கள் அனுப்பியிருந்தால் இன்னொரு பெயர்ப்பலகைதான் நின்றிருக்கும்.

இதனால்தான் குளோபல் கிராண்ட் விண்ணப்பத்தில், பயனடையப் போகிற மக்களிடம் தேவை என்னவென்று முதலில் கேட்டறிந்ததைக் காட்டச் சொல்கிறார்கள். பணத்தை எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும், அறிக்கை அனுப்ப வேண்டும், ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். சில உறுப்பினர்கள் இதை வீண் எழுத்து வேலை என்று அலுத்துக்கொள்வார்கள். அந்த அடிபம்பைப் பார்த்தவர்கள் அலுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். கிளப் கூட்டத்துக்கு விருந்தினராகப் போக அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அழைப்பார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பியது எந்தக் கணக்கிலிருந்து, அங்கே பங்காளி யார், போன ஆண்டுத் திட்டம் இப்போது எப்படி இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் கிளப் இதற்குப் பதில் சொல்லும். கையோடு தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிப் போங்கள். எத்தனை பிள்ளைகள், அதில் பெண் பிள்ளைகள் எத்தனை, தண்ணீர் எங்கிருந்து வரும், தினமும் சுத்தம் செய்யப்போவது யார், அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் ஆண்டு ஜூலை 1இல் பிறக்கிறது. அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அடுத்த தலைவர் தன் திட்டங்களை முடிவுசெய்யத் தொடங்கிவிடுவார், அவரைப் பார்த்துக் கொடுங்கள்.