விசா, லைசென்ஸ் ரினிவல்: நம்மூர் ஆளுக கேட்ட கேள்விக்கு பதில்

வணக்கம் மக்களே. ஷார்ஜால 17 வருஷம் இருந்தேன், அதுல கடைசி 9 வருஷம் கம்பெனிக்கு விசா பேப்பர் பார்க்குற வேலை. இப்ப மதுரை கே.புதூர்ல வீட்டோட இருக்கேன். விசா, லைசென்ஸ் பத்தி கேளுங்கன்னு நேத்து சொன்னேன், ராத்திரிக்குள்ள குமிஞ்சிருச்சு.

உசிலம்பட்டி தம்பி: அண்ணே, துபாய்க்கு டிரைவர் வேலைக்கு போறேன். இன்டர்நேஷனல் பெர்மிட் போட்டுட்டு போனா போதும்னு ஏஜென்ட் சொல்றாரு, நெசமா?

நம்பாத தம்பி. அந்த பெர்மிட் விசிட்ல போறவங்களுக்கு. ரெசிடென்ட் விசா, அதாவது அங்கயே தங்கி இருக்குற விசா, அடிச்சிட்டா அந்த ஊர் லைசென்ஸ்தான் வேணும். சில நாட்டு லைசென்ஸ டெஸ்ட் இல்லாம மாத்திக் குடுப்பாங்க, அதுல இந்தியா இல்ல. டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்து, கிளாஸ் போயி, தியரி, பார்க்கிங், ரோடு டெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ணணும், ஒவ்வொரு தடவ ஃபெயிலாகும்போதும் திரும்ப காசு. அந்தக் காசு கம்பெனி போடுமா, ஒன் சம்பளத்துல பிடிக்குமான்னு ஆஃபர் லெட்டர்ல எழுதி வாங்கிட்டு கிளம்பு. வாயால சொன்னத வச்சு கெளம்பி வந்து, ஒரு வருஷம் கடன் கட்டுன பயலுகள பார்த்திருக்கேன்.

மேலூர் தங்கச்சி: அண்ணா, அவரு அபுதாபில இருக்காரு. பாஸ்போர்ட்ல 5 மாசந்தான் பாக்கி, விசாவும் லைசென்ஸும் அடுத்த மாசம் முடியுது. எத மொதல்ல பண்றது?

பாஸ்போர்ட்தான்மா, இன்னைக்கே. ஆறு மாசம் பாக்கி இல்லாத பாஸ்போர்ட்டுல விசா புதுப்பிக்க மாட்டாங்க, விசா புதுப்பிச்சாத்தான் அந்த ஊர் அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடி, அந்த ஐடி இருந்தாத்தான் லைசென்ஸ் ரினிவல். ஒண்ணோட வால ஒண்ணு பிடிச்சிட்டு நிக்குது. ரெசிடென்ட் விசா முடிஞ்சா உடனே ஃபைன் ஓட ஆரம்பிக்காது, கொஞ்ச நாள் அவகாசம் உண்டு, அதுவும் தாண்டுனா ஒரு நாளைக்கு 50 திர்ஹாம். லைசென்ஸுக்கு கண் டெஸ்ட் வேணும், கண்ணாடிக் கடையிலயே பண்ணி அவங்களே சிஸ்டத்துல ஏத்திருவாங்க. டிராஃபிக் ஃபைன் பாக்கி இருந்தா அதக் கட்டாம நகராது, அதையும் இப்பவே பார்த்துரச் சொல்லு.

ஒத்தக்கடை அண்ணன்: தம்பி, துபாய்ல இருந்து லீவுல வந்த மகன் ஆறு மாசத்துக்கு மேல இங்கயே இருக்கலாமான்னு கேக்குறான்.

வேணாம்ணே, இதுல நானே பட்டிருக்கேன். அப்பாவுக்கு ஆபரேஷன், பெரியாஸ்பத்திரில வராண்டாவுல பாய விரிச்சு கெடந்தப்ப நாள எண்ணவே இல்ல. 180 நாள் தாண்டினதும் என் ரெசிடென்ட் விசா தானா செத்துப்போச்சு. காரணம் காட்டி, திரும்ப உள்ள வர ரீஎன்ட்ரி பெர்மிட் கேக்கலாம், ஆனா அது அலைச்சலும் செலவும். அப்படி தங்கித்தான் ஆகணும்னா, அஞ்சாவது மாசத்துல ஒரு தடவ போயி எறங்கிட்டு வந்துரச் சொல்லுங்க, டிக்கெட் காசு பெருசாத் தெரியும், புது விசாவோட பார்த்தா ஒண்ணுமில்ல.

செல்லூர் தம்பி: பாஸ்போர்ட்ல ஒரே பேருதான், சர்நேம் எடத்துல காலி. பிரச்சனையா?

நம்ம தமிழ் ஆளுகளுக்குத்தான் இது நெறைய வரும், இனிஷியல் போட்டு வாழ்ந்துட்டோம்ல. 2022 நவம்பர்ல யுஏஇ காரங்க, அதான் துபாய், அபுதாபி, ஷார்ஜா எல்லாம் சேர்ந்த நாடு, ஒத்தப் பேரு பாஸ்போர்ட்ல விசிட் விசாவுல வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. போறதுக்கு முன்னாடியே பாரதி உலா வீதி பாஸ்போர்ட் ஆபீஸ் மூலமா அப்பா பேர சர்நேமா சேர்த்து ரீஇஷ்யூ வாங்கிருங்க. லைசென்ஸ்லயும் ஆதார்லயும் அதே ஸ்பெல்லிங் இருக்கட்டும்.

திருமங்கலம் அண்ணன், வயசு 46: குவைத்துல 11 வருஷம். நம்மூர் லைசென்ஸ் முடிஞ்சு எட்டு மாசமாச்சு.

ஐயோ அண்ணே, இன்னும் நாலு மாசந்தான் இருக்கு. முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள கொடுத்தா சும்மா ரினிவல், தாண்டினா மறுபடி ஓட்டிக் காட்டணும். 40 வயசு தாண்டிருச்சுல்ல, டாக்டர் கையெழுத்து போட்ட ஃபார்ம் 1ஏ வேணும். நான் ரினிவல் பண்ணப் போனப்ப என் பழைய அட்டையில போட்டோ முழுசா அழிஞ்சு, சிப்பு மட்டும் பளபளன்னு இருந்துச்சு, டாக்டரு அதயும் என்னையும் மாறி மாறிப் பார்த்துட்டுத்தான் சீல் வச்சாரு. மத்தவங்களும் இதக் கேட்டுக்கங்க, முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ரினிவல் போடலாம், அதனால லீவுல வரும்போது பை பிரிச்ச கையோட லைசென்ஸ் தேதியப் பாருங்க. வெளிநாட்டுல பத்து வருஷம் ஓட்டுன கை, இங்க வந்து டிவிஎஸ்ஸ எடுக்கக்கூட பேப்பர் இல்லாம நிக்கிறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்.

திருநகர் சார்: மகன் அமெரிக்காவுல எச்1பி வேலை விசாவுல இருக்கான். விசா முடியற தேதியிலயே லைசென்ஸும் முடியுதாம்.

ஆமா சார், பெரும்பாலான மாநிலத்துல, அங்க தங்குற அனுமதி தேதியோடதான் லைசென்ஸ் தேதியும் கட்டியிருக்கும். தேதி முடியறதுக்குள்ள நீட்டிப்பு கேட்டு கம்பெனி போட்டுட்டா 240 நாள் வரைக்கும் வேலை பார்க்கலாம், ஆனா லைசென்ஸ் தானா நீளாது. மனு வாங்குன ரசீது, ஐ-797, அத எடுத்துட்டு போயி கேக்கணும், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு மாதிரி. லைசென்ஸ் இல்லாம ஒரு நாள் கூட ஓட்ட வேணாம்னு சொல்லுங்க.

பாத்திமா காலேஜ் பக்கத்துத் தங்கச்சி: லண்டன்ல படிக்கிறேன், நம்ம லைசென்ஸ் எவ்ளோ நாள்?

12 மாசம்மா, நீ அங்க குடியேறின நாள்ல இருந்து. ஆறாவது மாசமே புரொவிஷனல், நம்ம எல்எல்ஆர் மாதிரி, போட்டுரு, ஆன்லைன்ல 34 பவுண்டு. பிராக்டிகல் டெஸ்ட்டுக்கு தேதி கிடைக்க மாசக்கணக்கா ஆகுது. ஆட்டோமேட்டிக் வண்டியில டெஸ்ட் பாஸ் பண்ணினா கியர் வண்டி ஓட்ட முடியாது, அத யோசிச்சு புக் பண்ணு.