ஆறாம் வகுப்புக்கு அரசு நடுநிலைப் பள்ளி சரியாக வருமா?

தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த மகனை வீட்டருகே உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சேர்க்கலாமா, சேர்த்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டணம் கட்ட முடியாத நிலையில்தான் கேட்கிறீர்கள் என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். என் நிலை அதுவாகத்தான் இருந்தது. என் மகள் 2021 முதல் 2024 வரை அத்தகைய பள்ளி ஒன்றில் படித்தாள். அதில் இரண்டு ஆண்டுகள் நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். ஒரு பள்ளியை வைத்துத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் அனைத்தையும் எடைபோடுகிறாள் என்று யாரும் பாய வேண்டாம். நான் பார்த்த ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஊரடங்கில் என் கணவரின் வருமானம் பாதியாகக் குறைந்தபோது பழைய பள்ளியில் கட்டணப் பாக்கி நின்றுவிட்டது. பாக்கியைத் தீர்க்காமல் மாற்றுச் சான்றிதழ் கிடையாது என்றார்கள்; மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்திலிருந்தும் அவள் பெயரை விடுவிக்கவில்லை. கையில் ஆதார் அட்டை நகலோடு நடுநிலைப் பள்ளிக்குப் போய்த் தயங்கி நின்றேன். "சான்றிதழ் மெதுவா வரட்டும்மா, பிள்ளையச் சேர்த்துட்டுப் போங்க" என்றார் தலைமையாசிரியர். சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவில், சொல்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். கட்டணம் வாங்கிய பள்ளி ஐந்து ஆண்டுகளில் எனக்குச் சொல்லாத ஒன்றை, ஒரு ரூபாயும் வாங்காதவர் ஐந்து நிமிடத்தில் சொன்னார் என்பது இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது.

2021 நவம்பர் 1 அன்றுதான் கீழ் வகுப்புகளுக்கெல்லாம் பள்ளி திறந்தார்கள். அந்த வாரம் புகைப்படம் கொடுக்கப் போயிருந்தபோது, தமிழாசிரியை என் கண் முன்பாகவே மகளிடம் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். 'பறவைகள்' என்ற சொல்லின் நடுவில், 'ற'வா 'ர'வா என்று தெரியாமல் நின்று என்னைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை என்று உறவினர்களிடம் பெருமை பேசியவள் நான். ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்து, மதிய இடைவேளையில் தினமும் ஒரு பக்கம் சேர்ந்து வாசிக்கும்படி சொன்னார். தை பிறப்பதற்குள் மகள் கடைப் பலகைகளையெல்லாம் உரக்கப் படிக்கத் தொடங்கிவிட்டாள். சிலருக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி, பாராட்டு மட்டும் எழுதினேன் என்ற பெயர் வராதிருக்க, அடுத்த ஆண்டைச் சொல்கிறேன். நடுநிலைப் பள்ளி என்றால் ஒன்று முதல் எட்டு வரை. ஐந்து வரை இடைநிலை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆறு, ஏழு, எட்டுக்குப் பட்டதாரி ஆசிரியர்கள். எங்கள் பள்ளியில் அந்த மூன்று வகுப்புகளுக்கும் சேர்த்து மூன்றே பேர்: கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒருவர், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை கேட்கும் குறைந்தபட்ச அளவும் அவ்வளவுதான். பெரிய பள்ளியில் ஓர் ஆசிரியர் இல்லையென்றால் இன்னொருவர் வந்து நிற்பார். இங்கே ஒருவர் இல்லையென்றால் மூன்று வகுப்புகளுக்கு ஒன்றிரண்டு பாடங்கள் அப்படியே நின்றுவிடும்.

மகள் ஏழாம் வகுப்புக்குப் போன 2022 ஜூனிலேயே கணக்கு ஆசிரியை மகப்பேறு விடுப்பில் சென்றார். மகப்பேறு விடுப்பைக் குறை சொல்கிறேன் என்று எவரும் சண்டைக்கு வர வேண்டாம். 12 மாத விடுப்பு அவருக்கு உரியது, நானும் பெற்றவள்தான். அந்த ஓராண்டுக்கு மாற்று ஏற்பாடு என்ன என்பதை யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை என்பதே என் குறை. செப்டம்பரில் ஒருநாள் மகளின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். குறை முழுக்களைப் பெருக்கும் பாடத்தில், பாதியில் நின்ற கணக்கு ஒன்றின் மேல் ஜூன் மாதத் தேதி இருந்தது. அதற்கடுத்த பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. சமூக அறிவியல் ஆசிரியர் வந்து வகுப்பை அமைதியாக வைத்திருப்பார், வாய்ப்பாடு எழுதச் சொல்வார் என்றாள். பாவம், அவரும் வேறு என்ன செய்வார்?

அந்த ஆண்டுதான் மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்திருந்தார்கள். 20 பேரில் 15 பேர் பெற்றோர். அதுவரை நாங்கள் கூட்டத்துக்குப் போவோம், தேநீர் குடிப்போம், கையெழுத்துப் போடுவோம். அன்று நான் நோட்டைக் கையோடு எடுத்துச் சென்று அந்த வெள்ளைப் பக்கங்களைக் காட்டினேன். தற்காலிக ஆசிரியரை நியமிக்கக் கேட்டபோது, பணியிடம் காலியாக இல்லை, ஆசிரியர் விடுப்பில்தான் இருக்கிறார், எனவே வழியில்லை என்ற பதில் வந்தது. தீர்மானம் எழுதி, நால்வராகச் சென்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் நேரில் கொடுத்தோம். அதன் பிறகும் ஒன்றரை மாதம் கழித்தே, வேறொரு பள்ளியின் ஆசிரியர் வாரம் மூன்று நாள் மாற்றுப்பணியாக வந்தார். நல்ல ஆசிரியர். ஆனாலும் போன மாதங்கள் போனவைதான். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு எழுதியபோது அதன் விலை தெரிந்தது: 9 முதல் 12 வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் அந்த உதவித்தொகை அவளுக்குக் கிடைக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், என்னால் அடக்க முடியவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. என் மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்ததுமே, "கணக்குப் போட்டுத்தான் சேர்த்திருக்கிறாய்" என்று வீட்டுக்கு வந்த உறவினர் சிரித்தார். கையில் காசில்லாமல் சேர்த்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் என் மீதே எனக்குக் கோபம்.

கழிப்பறையைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. தூய்மைப் பணியாளர் வராத நாட்களில் மகள் தண்ணீர்ப் புட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவருவாள். காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு 2023 ஆகஸ்டில் வந்தது. ஐந்தாம் வகுப்பு வரைதான். ஒரு சிறுவன் தட்டோடு உட்கார்ந்து கிச்சடி சாப்பிட, ஆறாம் வகுப்பில் படிக்கும் அவன் அக்கா தூணில் சாய்ந்து அவன் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஒருநாள் பார்த்தேன். அவளும் வெறும் வயிற்றோடுதான் வந்திருப்பாள்.

ஆகவே, சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் கட்டடத்தையும் கணினி அறையையும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வேலை நாளில் போய், ஆறு முதல் எட்டு வரை பட்டதாரி ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் யாராவது நீண்ட விடுப்பிலோ மாறுதலிலோ இருக்கிறார்களா என்று தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவராக இருந்தால் அதுவே பாதி விடை. மேலாண்மைக் குழுவில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு சேரவேண்டிய உயர்நிலைப் பள்ளி எவ்வளவு தூரம், அந்த நேரத்துக்குப் பேருந்து உண்டா என்பதையும் இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது நாலரைக் கிலோமீட்டர். கடைசித் தேர்வு முடிந்த பிறகுதான் அதைப் பற்றியே யோசித்தோம்.