கிணற்று நீரில் ஈயம், கேழ்வரகில் கால்சியம்: ஏ.ஏ.எஸ். கேள்வி பதில்

கேள்வி (வேதியியல் மாணவி): ஏ.ஏ.எஸ். கருவியில் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி விளக்கு எதற்கு சார்?

பதில்: ஏ.ஏ.எஸ். என்பது அணு உறிஞ்சல் நிறமாலை முறை: மாதிரியைச் சூட்டில் அணுக்களாக்கி, அவை உறிஞ்சும் ஒளியை அளந்து தனிமத்தின் அளவைச் சொல்வது. அணு ஒளியை உறிஞ்சும் கோடு, அதாவது அலைநீள வரம்பு, மிகக் குறுகல், ஒரு நானோமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். சாதாரண விளக்கொளியை மோனோகுரோமேட்டரில் (ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரிக்கும் பகுதி) பிரித்தால் கிடைக்கும் பட்டை அதைவிட நூறு மடங்கு அகலம். அதில் ஈயம் உறிஞ்சும் ஒளி கணக்கிலேயே தெரியாது. கேத்தோடில் (எதிர்மின்வாயில்) ஈயம் உள்ள விளக்கு, ஈயம் உறிஞ்சும் அதே கோட்டைக் கூர்மையாகத் தருகிறது. இந்த முறையை உருவாக்கிய இயற்பியலாளர் ஆலன் வால்ஷ் ஆஸ்திரேலியாவிலிருந்து 1955இல் வெளியிட்ட கட்டுரையின் உயிரே இதுதான்.

கேள்வி: கிணற்று நீரில் ஈயம் பார்க்க ஃபிளேம் (சுடரில் அணுக்களாக்கும் முறை) போதுமா?

பதில்: போதாது. இந்தியக் குடிநீர்த் தரத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மி.கி. ஃபிளேமில் கருவி உள்ளிழுத்த கரைசலில் பெரும்பகுதி சுடரை எட்டாமல் வடிகுழாயில் போய்விடும்; அவ்வளவு சிறிய அளவை நம்பிச் சொல்ல முடியாது. கிராஃபைட் ஃபர்னஸில் (மின்சாரத்தால் சூடாகும் சிறு கிராஃபைட் குழாய்) 20 மைக்ரோலிட்டர் விட்டால் அத்தனையும் குழாய்க்குள்ளேயே ஆவியாகும். ஆனால் ஈயம் சீக்கிரம் பறந்துவிடும். மாதிரியின் மற்ற பொருட்களை முதலில் சூட்டில் நீக்கும் சாம்பலாக்கும் கட்டத்தில் அதைப் பிடித்துவைக்கப் பல்லேடியம் மாடிஃபையர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (உணவு ஆய்வக ஊழியர்): கேழ்வரகு மாவில் கால்சியம் எப்போதும் குறைவாகவே வருகிறது. ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த கரைசல்) கோடு நேராகத்தான் இருக்கிறது சார்.

பதில்: கோடு நேராக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்டர்டில் பாஸ்பேட் இல்லை, கேழ்வரகில் நிறைய இருக்கிறது. அது கால்சியத்தோடு சேர்ந்து, காற்று-அசிட்டிலீன் சுடரின் 2300 டிகிரியிலும் முழுதாக உடையாத சேர்மமாகிவிடும். உடையாத கால்சியம் 422.7 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சாது. லாந்தனம் குளோரைடு சேருங்கள். பாஸ்பேட்டை லாந்தனம் பிடித்துக்கொள்ளும், கால்சியம் விடுபடும். மாதிரி, ஸ்டாண்டர்டு, பிளாங்க் (மாதிரி சேர்க்காத கரைசல்) மூன்றிலும் லாந்தனம் ஒரே அளவு இருக்க வேண்டும். மாதிரியில் மட்டும் ஊற்றினால் வேறொரு பிழை வரும், ஏனென்றால் லாந்தனம் உப்பிலேயே கொஞ்சம் கால்சியம் இருக்கலாம்.

அப்புறம், மாவைச் செரிக்கும் (அமிலத்தில் கரைக்கும்) முன்பே தெரிந்த அளவு கால்சியம் சேர்த்து, அது முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் யாரும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் கருத்து.

நைட்ரஸ் ஆக்சைடு சுடர் இன்னும் சூடானது, அதிலும் தீர்வு உண்டு. ஆனால் அதற்குரிய பர்னரை மாட்டாமல் பற்றவைக்கவே கூடாது. சுடர் உள்ளே பாய்ந்து வெடிக்கும்.

கேள்வி: பிளாங்க்கிலேயே துத்தநாகம் வருகிறதே?

பதில்: முதலில் பவுடர் போட்ட கையுறையை மாற்றுங்கள். பாத்திரங்களை 10% நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் அலசுங்கள். பிறகும் வந்தால் அமில பாட்டிலைச் சந்தேகப்படுங்கள்.