பால் கணக்கு நோட்டில் ஏன் எழுதினான்?

கேள்வி: எனக்கு வயது 53. கோபிச்செட்டிபாளையம் பக்கம் கிராமம். ஒரே பையன், 27 வயது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வாராவாரம் வீட்டுக்கு வருவான். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவன் கவிதை எழுதியிருந்ததைப் போன மாதம் பார்த்தேன். எல்லாம் ஓர் ஆண்பிள்ளையைப் பற்றி.

"அவன் பஸ் ஏறினான்.
கறந்த பால் ஆறிப்போச்சு.
எத்தனை லிட்டர்னு அம்மா கேட்டா,
அவன் பேரைச் சொன்னேன்."

பயந்துபோய்க் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அவனிடம் எதுவும் கேட்கவில்லை. செல்போனில் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துப் பழகியதுதானே இது? காங்கேயத்தில் ஒரு ஜாதகம் பொருந்தி வந்திருக்கிறது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமா? கோவையில் இதற்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று எங்கள் சொந்தத்தில் ஒரம்பரை ஒருவர் சொல்கிறார்.
- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: அம்மிணி, கல்யாணம், வைத்தியம் எல்லாவற்றுக்கும் வருகிறேன். முதலில் இதைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதுவது யார்? காலையும் மாலையும் அந்த நோட்டைத் திறப்பது யார்? நீங்கள்தானே. கம்பெனி லேப்டாப் வைத்திருக்கிறவன், செல்போனுக்குப் பூட்டுப் போடத் தெரிந்தவன், மறைக்க நினைத்திருந்தால் அது உங்கள் கண்ணில் பட்டிருக்குமா? அம்மா தினமும் தொடுகிற நோட்டில் எழுதி வைத்தான். நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதிச் சொன்னான்.

அதை எரித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வாராவாரம் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவன் வந்து நோட்டைப் புரட்டியிருப்பான். பக்கங்கள் இல்லை. அம்மாவும் வாய் திறக்கவில்லை. அவன் என்ன நினைத்திருப்பான்? பிள்ளை நம்பிக் கொடுத்ததற்கு இதுதானா மரியாதை? எனக்குக் கோபம்தான் வருகிறது.

எரித்த பிறகும் நாலு வரியை அட்சரம் பிசகாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அதையும் பார்க்கிறேன். ஒரு தடவை படித்து இது மனதில் நிற்காது. திரும்பத் திரும்பப் படித்திருக்கிறீர்கள். அந்த நாலு வரியில் நீங்களும் இருக்கிறீர்கள், கவனித்தீர்களா? பிரிந்து போனவனைப் பற்றி எழுதும்போதும் லிட்டர் கேட்கிற அம்மாவை விட்டுவிட்டு அவனால் எழுத முடியவில்லை. நல்ல கவிதை அது. உங்கள் பையனுக்கு எழுத வருகிறது.

வெளிநாட்டுப் பழக்கம் என்கிறீர்கள். கல்கி சுப்ரமணியம் பொள்ளாச்சிக்காரர். அவர் திருநங்கை, அவர் கதை வேறு, உங்கள் பையன் கதை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் 'குறி அறுத்தேன்' என்று கவிதைப் புத்தகத்துக்குப் பேர் வைத்து, தன் உடம்பையும் தான் பட்ட பாட்டையும் தமிழில் எழுதியவர் நம் கொங்கு மண்ணில் பிறந்தவர்தான். தென்னாசியா முழுக்க இப்படி எழுதுகிறவர்களின் கவிதைகளை அதிதி ஆங்கிராஸும் அகில் கத்யாலும் சேர்த்து 2020இல் ஒரு பெரிய ஆங்கிலத் தொகுப்பே கொண்டுவந்திருக்கிறார்கள். உங்கள் பையன் தனி ஆள் இல்லை.

சரி, வெளிநாட்டுக்காரர் ஒருவரையும் சொல்கிறேன். ஓஷன் வுவாங், வியட்நாமில் 1988இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், ஆணை நேசிக்கும் ஆண். நகங்களுக்குச் சாயம் பூசும் கடையில் வேலை பார்த்து வளர்த்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் முதல் தொகுப்பிலேயே கவிதைக்கான டி.எஸ். எலியட் பரிசு வாங்கினார். அம்மா 2019இல் இறந்துபோக, அந்தத் துக்கத்திலிருந்து 2022இல் ஒரு கவிதைப் புத்தகம் வந்தது. படிக்கத் தெரியாத அம்மாவை நினைத்து அவ்வளவு எழுதினார். உங்களுக்குப் படிக்கத் தெரியும் அம்மிணி.

காங்கேயத்து ஜாதகத்தை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். அந்தப் பெண்ணைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அவளும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. நான் குடும்பம் வேண்டாம் என்கிறவள் அல்ல. பெற்றவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடமை என்று இதே பக்கத்தில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். அந்தக் கடமையை அடுத்த வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துத்தான் செய்ய வேண்டுமா? நாலு பேர் கூடி, கல்யாணச் சடங்கு நடத்தும் அருமைக்காரர் வந்து, சீர் செய்து ஒரு பொய்யை நடத்தி வைப்பது பாவம். பிறகு இரண்டு பேர் ஆயுசுக்கும் அழுவார்கள்.

வைத்தியம் என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் இது நோய் இல்லை. இப்படி 'மாற்றுகிறேன்' என்று கிளம்புகிறவர்களைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவு போட்டது. மறு வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது. ஆணும் ஆணும் மனமொத்துச் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லியாயிற்று. யாராவது கட்டணம் கேட்டால் பணத்தையும் கொடுக்காதீர்கள், பையனையும் அனுப்பாதீர்கள்.

அப்புறம், ஒரம்பரை சொன்னார் என்றீர்களே. பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே வெளியே சொல்லியாயிற்று, இல்லையா? எரித்ததைவிட இது பெரிய தப்பு. இனி யாரிடமும் மூச்சு விடாதீர்கள், உங்கள் வீட்டுக்காரரிடமும் அவன் சம்மதம் இல்லாமல் பேச வேண்டாம்.

அவன் அடுத்து வரும்போது, கிழித்தது நான்தான், பயந்துவிட்டேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். நினைவில் இருக்கிற நாலு வரியை அதே நோட்டில் உங்கள் கையால் எழுதிக் காட்டி, மீதியை அவனைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பையன் யார், எந்த ஊர் என்று குடைய வேண்டாம். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரம்பரைக்கு விஷயம் தெரியும் என்பதையும் அன்றைக்கே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வேறு யார் வாயிலிருந்தாவது அவன் அதைக் கேள்விப்படக் கூடாது.