போனை அம்மாவிடம் கொடுங்கள்

கேள்வி: 14 வருடங்களாகப் படுக்கையில் இருக்கும் அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். குடித்துத் திரிந்த அண்ணன் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது மனந்திரும்பி, ஞானஸ்நானம் எடுத்து, சபையில் சாட்சி சொல்கிறான். தினமும் இரவில் போன் செய்கிறான். ‘அம்மா தூங்கிட்டாங்க’ என்று சொல்லி வைத்துவிடுவேன். ‘எவன்மேல் இரக்கமாயிருக்கச் சித்தமாயிருப்பேனோ அவன்மேல் இரக்கமாயிருப்பேன்’ என்கிறாரே தேவன், இது நியாயமா?

பதில்: அம்மா உண்மையிலேயே தூங்கிவிடுகிறார்களா, சகோதரி? தினமும், சரியாக அவர் கூப்பிடும் நேரத்தில்?

தேவன் தம் இஷ்டப்படி ஒருவருக்கு இரங்குவது உங்களுக்கு உறுத்துகிறது. யாருடைய குரல் அம்மாவின் காதில் விழலாம் என்று நீங்கள் இஷ்டப்படி முடிவெடுப்பது உறுத்தவில்லை. அதுவும் பொய் சொல்லி.

சரி, வசனத்துக்கு வருகிறேன். ரோமர் 9-ல் பவுல் எடுத்துச் சொல்லும் அந்த வார்த்தை முதலில் வருவது யாத்திராகமம் 33-ல். அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைப் பணிந்துகொண்டார்கள். நியாயத்தை மட்டும் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மோசே மன்றாடுகிறார், அந்தச் சமயத்தில் சொல்லப்பட்ட வார்த்தை இது. தகுதியில்லாதவர்களை விட்டுவிடாமல் இருக்கவும் எனக்கு அதிகாரம் உண்டு என்கிறார் தேவன். தேவன் சிலருடைய மனதைக் ‘கடினப்படுத்துகிறார்’ என்றும் அதே ரோமர் 9 சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறதுதான். முன்குறித்தலைப் பற்றி, அதாவது யாரை இரட்சிப்பது என்று தேவன் முன்னமே தீர்மானிப்பதைப் பற்றி, 1618-19-ல் நெதர்லாந்தின் டார்ட் நகரத்தில் ஒரு திருச்சபைப் பேரவையே மாதக்கணக்கில் உட்கார்ந்தது; நான் அரைப் பக்கத்தில் தீர்க்கப்போவதில்லை. ஆனால் அன்று மோதிக்கொண்ட இரண்டு தரப்புமே, இரக்கத்தை உழைத்துச் சம்பாதிக்கலாம் என்று சொல்லவில்லை. நீங்கள் சொல்கிறீர்கள். 14 வருடம் என்று எண்ணி எழுதியிருக்கிறீர்களே, அது கூலிக் கணக்கு.

இயேசு சொன்ன உவமையில், திராட்சத்தோட்டத்தில் காலையிலிருந்து உழைத்தவர்களுக்குப் பேசின கூலியில் ஒரு காசு குறையவில்லை. கடைசியில் வந்தவனுக்கும் அதே கூலி கிடைத்ததுதான் எரிச்சல். ‘நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?’ என்று எஜமான் கேட்டான்.

அண்ணனையும் நான் விடப்போவதில்லை. மன்னிப்பு கிடைத்தால் கடமை தள்ளுபடி ஆகாது. வரி வசூலித்த சகேயு மனந்திரும்பினபோது, அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்றான். சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. சபையில் சாட்சி சொல்கிறவர் மருந்துச் செலவில் பாதியை அனுப்பட்டும். மாதத்தில் சில இரவுகள் வந்து அம்மாவின் படுக்கையருகே கண்விழிக்கட்டும். முகத்துக்கு நேரே கேளுங்கள், அந்த உரிமை உங்களுக்கு முழுசாக உண்டு. அம்மாவைப் பிணையாக வைத்துக்கொள்ளும் உரிமைதான் இல்லை.

இன்றிரவு போன் வந்தால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு அறையிலிருந்து வெளியே வாருங்கள். என்ன பேசினார்கள் என்று அப்புறம் விசாரிக்காதீர்கள்.